பனியில் வைத்த நாற்காலிகள்

எங்கள் பேட்டையில் தெருக்களுக்குக் காய்கறிப் பெயர்.
உருளைக்கிழங்கு, பட்டாணி, அவரை.
தார்த்து நகரத்தில் யாரும் இதற்குச் சிரிப்பதில்லை.
பட்டாணித் தெருவில்
சைக்கிள் பழுதுபார்த்தவன் காலிசெய்துபோன அறையை
வாடகைக்கு எடுத்தேன்.
தரையில் கிரீஸ் கறை தேய்த்தும் போகவில்லை.
இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இருபத்தாறு வருஷம் பல்செட் செய்தவள் நான்.
யாருடைய ஈறுக்கோ, யாருடைய கடிக்கோ
மெழுகில் அச்செடுத்து, இழைத்து, பொருத்தி,
அந்த வாய்கள் சிரித்து ஒருநாளும் பார்த்ததில்லை.
பிறகு ஆய்வகத்துக்கு ஓர் இயந்திரம் வந்தது.
அது தேநீருக்கு எழுந்துபோவதில்லை.
எனக்குக் கணக்குத் தீர்த்தார்கள்.

வங்கியில் அந்தப் பெண் கேட்டாள்:
"விற்கப்போவது பழையதா, புதியதா?"
பழைய கதவு புது மேசை ஆகும்,
தையல் மெஷினின் இரும்புக் கால்
கைகழுவும் தொட்டியைத் தாங்கும்,
மூடிய பள்ளியின் கரும்பலகை
அலமாரிக்குக் கதவாகும் என்றேன்.
அவள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
"இதர" என்ற கட்டத்தில் என்னை உட்காரவைத்தாள்.
இதரவுக்கு வட்டி அதிகம்.

ராய்வோ வேனில் கொண்டுவருவான்
இடிக்கப்போகும் வீடுகளிலிருந்து.
ஐம்பதுக்கு மேல் கொடுத்தால் என்னைத் திட்டு என்பான்,
அறுபது கொடுத்துவிட்டு வந்து.
"நாம் எடுக்காவிட்டால் அடுப்புக்குப் போகும், உர்வே."
இங்கே அது மிரட்டல் இல்லை, தகவல்.
ஜனவரியில் எல்லா அலமாரியும் விறகுதான்.

அப்படித்தான் ஆறு நாற்காலிகள் வந்தன, பிர்ச் மரம்.
முதுகில் தட்டினால் மாவு உதிர்ந்தது.
உள்ளே புழு.
மருந்தடித்தால் நாற்றம் போகாது; குளிர் இலவசம்.
மைனஸ் இருபதில் சில இரவுகள் வெளியே நின்றால்
புழு சாகும், மரம் சாகாது.
கால்களை மட்டம் பார்த்து அறுத்து
வாசலில் வரிசையாக வைத்தேன்,
யாரும் வராத கல்யாணத்துக்குப் போட்டதுபோல.

காலையில் ஐந்து.

போலீசை அழைக்கிறேன் என்றான் ராய்வோ.
இரு என்றேன்.
பனிதான் எல்லாவற்றையும் எழுதிவைத்திருக்கிறதே.
பூட்ஸ் தடம் தெரு நெடுகப் போனது.
அவரைத் தெருவுக்குத் திரும்பும் மூலையில்
நான்கு சிறு குழிகள்.
அவற்றுக்கு முன்னால் இரண்டு தடங்கள்,
அருகருகே, குதிகால் ஆழப் பதிந்து.

தூக்கி வந்தவன் களைத்து
இங்கே உட்கார்ந்திருக்கிறான்.
நடுராத்திரியில், தெருவிளக்குக்குக் கீழே,
என் நாற்காலியில்.
ஒரு சிகரெட் தீரும் நேரம்; துண்டு அங்கேயே கிடந்தது.
அவ்வளவு நேரம் அவனும் புழுக்களும்.

குனிந்து விரலை விட்டுப் பார்த்தேன்.
நான்கு குழியும் ஒரே ஆழம்.
என் பல்செட் எதற்கும்
கடி இவ்வளவு சரியாக அமைந்ததில்லை.

கதவைத் திறந்தவன் பெயர் இந்த்ரெக்.
ரொட்டி ஆலையில் இரவு ஷிஃப்ட்,
புருவத்தில் இன்னும் மாவு.
"தூக்கிப்போட்டதென்று நினைத்தேன்..."
"ஆடுகிறதா?"
"என்ன?"
"நாற்காலி. உட்கார்ந்து சொல்."
உட்கார்ந்தான்.
அந்தச் சமையலறையில் வேறு நாற்காலி இல்லை,
நான் நின்றேன்.
இப்படி அசைந்தான், அப்படி அசைந்தான்,
பரீட்சை எழுதுகிறவன் முகத்தோடு.
"ஆடவில்லை."

முப்பது யூரோ என்றேன்.
வெள்ளிக்கிழமை சம்பளம் என்றான்.
சரி, ஆனால் அதுவரை பால்கனியில் வை,
உள்ளே புழு இன்னும் சாகவில்லை என்றேன்.
துள்ளி எழுந்தான்.

"அப்படியானால் கடை திறந்தாச்சா, இல்லையா?"
ராய்வோவுக்குத் தெரிந்தாக வேண்டும்.
பெயர்ப்பலகை இன்னும் வெறும் பலகை.
கணக்குநோட்டில் முதல் வரி எழுதினேன்:
நாற்காலி ஒன்று. கடன்.
பிறகு வெளியே போய்
மற்ற ஐந்தின் மேலிருந்த பனியைத் தட்டினேன்.
இன்றிரவு மைனஸ் இருபத்திரண்டாம், வானொலி சொன்னது.
வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள்.