ஒன்பது மணித் துணி

வேலை போன மூன்றாம் வாரத்தில்
சமையலறை என்னிடம் வந்து சேர்ந்தது.
யாரும் ஒப்படைக்கவில்லை.
தேவராணிக்கு ஆஸ்பத்திரியில் இரவுப் பணி.
ஆறு மணி டாக்சிக்கு அவள் ஓடிய பிறகு
கழுவாத சட்டிகளும் நானும்தான் மிச்சம்.

இருபத்தாறு வருடம் சட்டைக் காலர் தைத்த கை இது.
எதை முதலில் மடிப்பது, எதைப் பிறகு என்று
தையலுக்கு ஒரு வரிசை உண்டு.
பாத்திரத்துக்கும் உண்டென்று தெரிந்துகொள்ள
எனக்கு ஒரு மாதமும் இரண்டு கிளாசும் செலவாயின.

நுரை புதிதாய் இருக்கும்போதே கிளாஸ்.
பிறகு தட்டு, கரண்டி.
கறிச்சட்டி கடைசியில்தான்.
அதை முதலில் தொட்டியில் இறக்கியவன்
அன்றிரவு வீட்டிலுள்ள அத்தனை தம்ளருக்கும்
ஆட்டுக்கொழுப்பு தடவி அடுக்கியவன்.

அடுப்பை ஆறிப்போக விடக் கூடாது.
இளஞ்சூட்டில் துடைத்தால் மசாலா தானே கழன்று வரும்,
பாதி கோபம் இறங்கியவனிடம் பேசிப் பார்ப்பதுபோல.
மஞ்சள் மட்டும் மசியாது.
ரொட்டிப் பலகை பக்கத்தில், மேடையில், ஒரு திட்டு.
ஜிக் ஊற்றினேன். எலுமிச்சை தேய்த்தேன்.
"விட்ருங்க, அது மேடையோட மச்சம்" என்றாள் தேவராணி.

ஒரு சனிக்கிழமை
என் துடைப்புத் துணியை இரண்டு விரலால் தூக்கினாள்
(ஆஸ்பத்திரியில் எதையெல்லாம் அப்படித் தூக்குவாளோ).
"இதால தொடைக்கிற வரைக்கும்
மேடை சுத்தமாத்தான் இருந்திருக்கும்."
அன்று முதல் துணி கொதிக்கிறது,
வாரம் இருமுறை, கைப்பிடி போன பழைய சட்டியில்.
ஒட்டுச்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து
பேட்ரிக் கோவெண்டர் கேட்கிறார்:
"என்ன சூப்பு இன்னைக்கு?"

பத்து மணிக்குக் கரண்ட் போகும் வாரங்களில்
ஒன்பதுக்கே தொடங்கிவிடுவேன்.
ஒருநாள் எட்டே முக்காலுக்கே போய்விட்டது,
சாட்ஸ்வொர்த் மேடெல்லாம் ஒரே இருட்டு.
மெழுகுவர்த்தி தேடவில்லை.
கத்தி எங்கே, மூடி எங்கே, கைக்குத் தெரிந்திருந்தது.
மேடையின் கடைசி மூலையில் துணி முட்டி நின்றபோது
முடிந்தது என்று தெரிந்தது.

புரட்டாசி பிறப்பதற்கு முந்தின நாள்.
தெரு முழுக்கச் சட்டி உருளும் சத்தம்.
அலமாரிகள் புல்தரையில் வயிறு திறந்து கிடந்தன.
வருடக் கணக்கின் எண்ணெய்ப் பிசுக்கைக்
கரண்டிக் காம்பால் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.
நான் கறிச்சட்டிகளை மேல்தட்டில் ஏற்றினேன்,
அலமாரிக்குப் புதுத் தாள் விரித்தேன்,
தேநீர் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தேன்.
பெருமைதான். ஒளிப்பானேன்.

அந்தப் பெருமையில் ஜன்னலை மறந்தேன்.

உள்ளே திரும்பினால், மேடைமேல் குரங்கு.
வயிற்றில் ஒட்டிக்கொண்டு குட்டி.
சர்க்கரை டப்பா மூடியை நெம்பிப் பார்த்தது,
அசையவில்லை.
தொட்டிக்குள் தலையை விட்டது.
ஒரு பருக்கை? ஒரு தோல்?
அடுப்படியில் விரலோட்டி முகர்ந்தது.
கடைசியாக அந்த மஞ்சள் திட்டை
நிதானமாக, மூன்று தரம், நக்கியது.
பிறகு என்னை ஒரு பார்வை:
"இந்த வீட்டில் யாரும் சாப்பிடுவதே இல்லையா?"

போய்விட்டது.
இரண்டு நிமிடத்தில் பேட்ரிக்கின் மனைவி அலறினாள்.
கூரையோரம் முழு ரொட்டி ஒன்று
தாயும் குட்டியுமாக நடந்து போனது.

வேலைக்கு ஆள் எடுக்கும் எந்த அலுவலகத்திலும்
காட்ட முடியாத சான்றிதழ்.
மேடையை மறுபடி வெந்நீரால் துடைத்தேன்,
மச்சத்தை இரண்டு தரம்.

காலை எட்டுக்கு தேவராணி வந்ததும் சொன்னேன்.
செருப்பைக் கழற்றாமலே சிரித்தாள்.
சிரிப்பில் தளும்பிய கோப்பையை
துடைத்து வைத்த மேடையில், தட்டில்லாமல், வைத்தாள்.
எடுத்தபோது வட்டமாகத் தேநீர்க் கறை.

என் கை துணிக்குப் போயிற்று.

"மணி எட்டுதான்" என்றாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
வட்டம் ஓரத்திலிருந்து காய ஆரம்பித்தது.
ஒன்பதுக்கு இன்னும் பதின்மூன்று மணி நேரம்.
இருக்கட்டும்.