துருப் பிடிக்காத ஆணி

பராசி கடைத்தெருவில்
என் இரும்புக்கடைக்கு வராத புகார் இல்லை.
கொண்டி வளைந்தது, பூட்டு இறுகியது,
தகரம் முதல் மழையிலேயே ஓட்டையானது.
ஆனால் பக்மனியா தாரு
அன்று காலை ஒரு வாளியைத்
தராசுக்குப் பக்கத்தில் ணங்கென்று வைத்துச் சொன்னது
இருபத்திரண்டு வருஷத்தில் நான் கேட்டிராதது.

"உன் ஆணி துருப் பிடிக்கவே இல்லை, சாஹு."

மூன்று மாதம் தண்ணீரில் ஊறிய ஆணிகள்.
ஐந்து கிலோ, இரண்டங்குலம்,
துத்தநாகம் பூசியது, கடையிலேயே உசந்த ரகம்.
நேற்றுப் பிறந்ததுபோல் பளபளத்துக் கிடந்தன.

சிரித்துவிட்டேன்.
துருவோடு மல்லுக்கட்டியே நரைத்தவன் நான்.
சாவுன் மாத ஈரத்துக்கு எண்ணெய்த்துணி,
அதன்மேல் சாக்கு, சாக்குக்குமேல் தார்ப்பாய்.
பிள்ளைக்குக் குளிர் படாமல் பார்ப்பதுபோல்
ஒவ்வொரு கீலையும் பார்த்துக்கொண்டவன்.

அவள் சிரிக்கவில்லை.
வலது உள்ளங்கையை விரித்துத்
தராசுத் தட்டில் வைத்தாள்.
மிளகு மிளகாய்த் தடித்த தோல்.
முள் கொஞ்சம் நகர்ந்து நின்றது.

இரும்பு பிடித்த கையும் சிரங்கு பிடித்த கையும்
சும்மா இருக்காதாம்.
அவளுடையது சிரங்கு இல்லை,
பதினெட்டு வருஷம் குழாய்க்கிணறு
சொட்டுச் சொட்டாக எழுதியது.
இரும்பு பிடித்த கை என்னுடையது.
சும்மா இருந்ததும் அதுதான்.

தொட்டியின் மேல்தட்டில் ஆணியாம்,
ஆணிமேல் செங்கல் துண்டுகளாம்,
கீழே மணலாம், அடியில் கூழாங்கல்லாம்.
சோதிக்க வந்த பெண்
புட்டியின் வாயில் காகிதம் வைத்துப் பார்த்தாளாம்.
வடிப்பதற்கு முன்னும் மஞ்சள்,
வடித்த பின்னும் அதே மஞ்சள்.

"அது கெடணும் சாஹு.
கெட்டால்தான் பிடிக்கும்.
துரு உதிர்ந்து
ஆர்செனிக்கைக் கட்டிக்கொண்டு
மணலில் போய் உட்கார்ந்துவிடுமாம்.
நீ கொடுத்தது பத்திரமாக இருக்கிறது.
நாங்கள் இல்லை."

கொல்லைப்புறத்துக் கூரை ஒழுகும்.
அதன் கீழே, வெட்கப்பட்டு
நான் யாருக்கும் காட்டாத மூட்டைகள்.
பூச்சு இல்லாத மலிவுச் சரக்கு,
பழைய இரும்புக்காரனுக்கென்று ஒதுக்கியது,
ஒன்றோடொன்று ஒட்டிச் செம்மண் கட்டியாய்.
கல்லால் தட்டித் தட்டி உடைத்தேன்.
பக்மனியா ஒரு கைப்பிடி அள்ளி
பருப்பு பார்ப்பவள்போல் முகர்ந்து பார்த்து
தலையாட்டினாள்.

ஐந்து கிலோ என்று சீட்டு ஒட்டிய மூட்டை
ஐந்து கிலோ நூறு காட்டியது.
எடைக்கல்லில் குற்றமில்லை.
அந்த நூறு கிராம் ஆணியுடையது அல்ல,
ஒழுகிய என் கூரைக்குக் கீழே
காற்றும் மூன்று மழையும் சேர்த்து வைத்தது.
அதற்கு என்ன விலை போட?
பளபளப்பை எடுத்துக்கொண்டேன்,
துருவைக் கொடுத்தேன்,
அவள் மீதிச் சில்லறை கேட்டாள். கொடுத்தேன்.

சைக்கிளில் ஏறப்போனவள் திரும்பினாள்.
"ரெண்டு மூணு வருஷத்தில் இதுவும் நிறைந்துவிடுமே.
குடித்த விஷத்தோடு
இந்த ஆணியை எங்கே கொட்டுவது?
வயலில் நெல் இருக்கிறது."

விலைப்பட்டியலைப் புரட்டினேன்,
அதில் இருக்கப்போவதுபோல்.

சாயங்காலம் கடை மூடியதும்
கை கழுவப் பின்கட்டுக்குப் போனேன்.
எங்கள் பம்பின் மூக்கில்
சிவப்புச் சாயமும் இல்லை, பச்சையும் இல்லை.
போன பங்குனியில் அந்தப் பெண்
பையோடு வந்து நின்றபோது
வியாபார நேரம், பிறகு வா என்றவன் நான்.

ஒரு கை பிடியை அழுத்த,
மறு கை தண்ணீருக்குக் கீழே போனது.
உள்ளங்கை முழுக்கத் துரு.
கழுவவா வேண்டாமா என்று
தண்ணீர் ஓட ஓட
கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.