ஒன்பது சுற்று

செவ்வாய்க்கிழமை, ஷட்டரைத் தூக்கும் முன்பே
லத்தேரி ரோட்டில் என் வெல்டிங் பட்டறை வாசலில்
ரோட்டவேட்டரோடு நிற்கிறது முனிரத்தினத்தின் டிராக்டர்.
"துணி சுத்திகிச்சு. அறுத்து எடுத்துக் குடு.
ரெண்டு உழவு மழை பேஞ்சி கீது,
மத்தியானத்துக்குள்ள கொல்லையை ஓட்டணும்."

குனிந்து பார்த்தேன்.
எஞ்சினையும் ரோட்டவேட்டரையும் இணைக்கும் தண்டில்
நீலக் கட்டம் போட்ட லுங்கி
கயிறாகி, முறுக்கேறி, மரம்போல் இறுகி
கிரீசும் செம்மண்ணும் குடித்துக் கிடந்தது.

"ஆளு?"

"நம்ம சம்பங்கிதான். நல்லாத்தான் கீறான்.
கல்லு மாட்டிகிச்சுன்னு ஓட்டத்திலயே இறங்கிகீறான்.
லுங்கி போச்சு, ஆளு நின்னான்.
பக்கத்துக் கொல்லையில களை வெட்டுன பொம்பளைங்க
மம்முட்டியப் போட்டுட்டு ஓடுனாங்களாம்!"
சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.
நானும் சிரித்தேன். பொய் சொல்வானேன்.

ரோட்டவேட்டரைத் தரையில் இறக்கச் சொன்னேன்.
எஞ்சினை அணைக்கச் சொன்னேன்.
சாவியை வாங்கி என் சட்டைப் பையில் போட்டேன்.
"இன்னா, உம்மேல ஏத்திடுவேன்னு பயமா?"
"நீ ஏத்த மாட்ட. லிப்ட்டுக்கு என்னைத் தெரியாது."

கத்தியைத் தீட்டி உட்கார்ந்தேன்.
நிமிஷத்துக்கு ஐந்நூற்று நாற்பது சுற்று,
நொடிக்கு ஒன்பது.
லுங்கி ரெண்டு மீட்டர்,
தண்டின் சுற்றளவு ஏறக்குறைய ஒரு சாண்.
எட்டாம் வகுப்பில் கணக்கில் போனவன் நான்,
இருந்தும் விடை வந்துவிட்டது:
ஒரு லுங்கிக்கு ஒரு நொடி.
"சாமீ" என்று கூப்பிட்டால்
"சா" மட்டும் அவன் வாயில் இருந்திருக்கும்.

அடுக்கடுக்காக அறுத்தேன்.
கட்டம், சேறு, கட்டம், கிரீஸ்,
ஒரு பீடிக்கட்டு, பொடியாக.
அப்புறம் கத்தியில் வேறு ஏதோ தட்டியது.

கறுப்புக் கயிறு.
அரைஞாண்.
அதில் நசுங்கிய தாயத்து.

முனிரத்தினம் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கொஞ்ச நேரம் முகத்திலேயே வைத்திருந்தார்.

லுங்கிக்கு அடுத்து அரைஞாண்.
அரைஞாணுக்கு அடுத்து
இடுப்புதான்.

கயிற்றை வெயிலில் தூக்கிப் பார்த்தேன்.
நைந்து, வெளுத்து, இழை பிரிந்த பழைய கயிறு.
போன பொங்கலுக்கே மாற்றியிருக்க வேண்டியது.
மாற்றியிருந்தால்

"தண்டுக்கு ஒரு மஞ்சள் உறை குடுத்திருப்பாங்களே?"
"வீட்ல கீது. பரண் மேல.
கீறல் விழும்னு அன்னைக்கே கழட்டி வச்சிட்டேன்.
விக்கும்போது புதுசா இருக்கணுமில்ல?"
"எடுத்தாரச் சொல்லு."
"மழை காயறதுக்குள்ள ஓட்டணும்யா..."
நான் பதில் சொல்லவில்லை.
சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

முக்கால் மணி நேரம் திட்டினார்,
போனை, மகனை, என்னை, மேகத்தை.
மகன் பைக்கில் கொண்டுவந்தான்,
எண்ணெய்க் காகிதம்கூடப் பிரிக்காத மஞ்சள் உறை.
மாட்டினேன். கூடவே சுற்றாதபடி
சங்கிலியை இழுத்துக் கொக்கியில் போட்டேன்.
துணி அறுத்த கூலி முந்நூறு கேட்டேன்.
இருநூற்றைம்பதுக்குப் பேசி முடித்தார்.

பதினொரு மணி வாக்கில் சம்பங்கி வந்தான்,
யாருடையதோ பேண்ட்டில்,
கால்மடிப்பைப் பிளாஸ்டிக் கயிற்றால் கட்டிக்கொண்டு.
நடையில் ஒரு பக்கம் நொண்டல்.
காகிதத்தில் மடித்த தாயத்தைக் கொடுத்தேன்.
பிரித்துப் பார்த்தான். மறுபடியும் மடித்தான்.
"சாவி" என்றான்.

ஏறினான், கிளட்சை மிதித்தான், ஸ்டார்ட் பண்ணினான்.
ரோட்டுக்கு வண்டி பாதி திரும்பியதும்
முனிரத்தினத்தின் மகன் ஓடிவந்து
மட்கார்டில் தொத்திக்கொண்டான், எப்போதும்போல.

"இறங்கு."
"அண்ணே, கொல்லை வரைக்கும்தான்..."
"ஒரே சீட்டுதான் கீது."

பின்னால் குடியாத்தம் பஸ் ஹாரன் அடிக்கிறது,
அதற்குப் பின்னால் மாங்காய் லோடு,
அதற்கும் பின்னால் யாரோ கத்துகிறார்கள்.
முதலாளி மகன் முதலாளியைப் பார்க்கிறான்.
முதலாளி மேகத்தைப் பார்க்கிறார்.
கிளட்சிலிருந்து காலை எடுக்காமல்
நேராகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான் சம்பங்கி.