தவளைச் சத்தம்

இரண்டு பேருந்து மாறி வந்தேன்.
இரண்டாவதில் என்னோடு ஒரு நாய்,
அதன் கழுத்தில் எங்கள் அணியின் பச்சைத் துண்டு,
அதன் வாரைப் பிடித்தபடி லின்டன் ப்ராட்பென்ட்.
"கோப்பை ஆட்டமாச்சே, இதுக்கும் டிக்கெட் கேப்பாங்களோ?"
கேட்கவில்லை. ஆனால் எண்ணியிருக்கிறார்கள்:
இடைவேளையில் ஒலிபெருக்கி
நூற்று நாற்பத்தொன்று என்றது.
நான் எண்ணியதில் நூற்று நாற்பதுதான்.

மைதானம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம்.
ஒரு பக்கம் மூடிப்போன கம்பளி ஆலையின் சுவர்,
மறுபக்கம் கால்வாய்,
நடுவே கால்வாயைப் பார்த்துச் சரியும் புல்.
கால்வாய் ஓரம் நீண்ட கழியில் வலையோடு ஹெட்லி;
விழுந்த பந்தை அள்ளுவது அவர் பதவி.
சனிக்கிழமைக்கு நாலு பந்து,
ஒருமுறை ஒரு வாத்து.

தூறிக்கொண்டிருந்தது.
யார்க்ஷயரில் இதை மழைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

என் இடம் கோலுக்குப் பின்னால், கம்பியருகே.
எங்கள் கோல்கீப்பர் நெவில் ஸ்டாக்டேல்
வாரநாளில் பாய்லர் பழுதுபார்ப்பவன்.
பந்து அந்தக் கோடிக்குப் போகும்வரை பொறுத்திருந்து
சொன்னேன்:
"மூணு நாளா வெந்நீர் இல்ல, நெவில்."
திரும்பாமலே கேட்டான்,
"சத்தம் போடுதா?"
"போடுது."
"எப்படி?"
வாயைத் திறப்பதற்குள் பந்து வந்துவிட்டது.
பாய்ந்தான், தட்டினான், சேறாக எழுந்தான்.
"கெட்டில் மாதிரியா, தவளை மாதிரியா?"
"தவளை."
"பம்பு போயிருக்கும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வர்றேன்."

அடுத்த கார்னரில் கோல் வாங்கினான்.
என்னால்தான் என்று யாரும் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.

இடைவேளையில் தேநீர், பட்டாணி மசியலோடு ஒரு பை;
அட்டைக் கோப்பையைக் கையுறையோடு பிடித்திருந்தேன்,
மூன்று நாளில் என் விரல்கள் கண்ட
முதல் சூடு.

பிறகு எல்லோரும் முனை மாறினார்கள்,
நாங்கள் கோல் போட வேண்டிய பக்கத்துக்கு.
நாய்கூடப் போனது.
நான் மட்டும் நெவில் போன பக்கம் போனேன்.
கோலைத் தடுப்பதைப் பார்க்கத்தான் எனக்குப் பிடிக்கும்,
ஏனென்று தெரியாது;
என் முன்னாள் கணவன் இதைப் பலரிடம் புகாராகச் சொல்லியிருக்கிறான்.

எங்கள் பக்கத்தில் ஒன்றும் நடக்கவில்லை.
நெவில் கம்பத்தை உதைத்துக் காலணிச் சேற்றை உதிர்த்தான்.
குளிருக்குக் குதித்தான்.
ரேடியேட்டர்களின் காற்றை எப்போது எடுத்தாய் என்று கேட்டான்.
பொய் சொன்னேன்.

எண்பத்தொன்பதாம் நிமிடம்.
ராத்திரியெல்லாம் ரொட்டி ஆலையில் நின்றுவிட்டு
கொட்டாவியோடு ஆடிய ஜெர்மைன் ஒபெங்,
விலக நினைத்தும் விலக முடியாமல்
முழங்காலில் பந்தை வாங்கினான்.
அது உள்ளே போனது.

அந்தக் கோடியில் நூற்று நாற்பது பேரும்
ஒருவர்மேல் ஒருவராய் விழுந்தார்கள்.
இந்தக் கோடியில் நெவில்
கைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினான்,
கட்டிக்கொள்ள ஆள் தேடித் திரும்பினான்,
நான்தான் இருந்தேன்.
கம்பிக்கு மேலாக என்னை அள்ளிக்கொண்டான்.
நானும் கத்தினேன், தொண்டை கிழிய,
அவன் காதுக்குள்ளேயே.

பாதி அணைப்பில் அவன் நின்றான்.
"ஐயோ," என்றான்.
"என்ன?"
"ஒன்னுக்கு ஒன்னு. மறு ஆட்டம்."
"எப்போ?"
அவன் பதில் சொல்லவில்லை.
எனக்கும் அதற்குள் புரிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம்,
நாற்பது மைல் தள்ளி, அவர்கள் ஊரில்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன்.
சமையலறை மூலையில் தவளை கூப்பிட்டது.
கண்ணாடியில் பார்த்தால்
மேலங்கியின் முதுகில் கையுறை அளவுக்கு ஒரு சேறு,
விரல் விரலாக.
துவைக்க வெந்நீர் இல்லை.
இருக்கட்டும்,
செவ்வாய்க்கிழமைக்கும் இதையேதான் போடப்போகிறேன்.