வராதவர்கள்

டோலீடோ, பிப்ரவரி.
முதல் மணி அடித்து அரைமணி ஆகிறது.
சுவர்க் குழாய்களுக்குள் வெந்நீர் முட்டி
பள்ளிக்கூடம் முழுக்க யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம்.
லொரெய்ன் நோவாக் நனைந்த பூட்ஸைக் கழற்றி
ஹீட்டர் அருகே சாய்த்துவிட்டு
வராதவர்களை அழைக்கத் தொடங்குகிறாள்.

நாற்பத்தொரு பெயர்கள்.
பாதி எண்கள் உபயோகத்தில் இல்லை.
கண்ணாடி ஆலையில் இரவு ஷிஃப்ட் முடித்த ஒருத்தி
அரைத்தூக்கத்தில் திட்டுகிறாள்,
பிறகு மன்னிப்புக் கேட்கிறாள்.

பதினேழாவது, டாரியன் பிக்கெட்.
"டாரியனின் அப்பா பேசுகிறேன்"
வலிந்து தடித்த குரல்.
"பையனுக்குக் காய்ச்சல், மேடம்."
கடைசி எழுத்தில் உடைந்துவிடுகிறது.
பின்னால் ஒரு குழந்தை
பால் கேட்டு அழுகிறது.

அக்டோபரில்
பிக்கெட் குடும்பத்துக்குப் போன அனுதாப அட்டையில்
முதல் கையெழுத்து இவளுடையது.
பச்சை மை. வேறு பேனா கிடைக்கவில்லை,
இன்னும் உறுத்துகிறது.

ஜன்னலுக்கு வெளியே
பனிவாரும் வண்டி உப்பை இறைத்துப் போகிறது.
"அவன் எழுந்ததும் சொல்லுங்கள், மிஸ்டர் பிக்கெட்,
வேதியியல் தேர்வை வெள்ளிக்கிழமை எழுதலாம்.
நீங்களும் ஏதாவது சாப்பிடுங்கள்."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும்.
அப்புறம் "சரி".
அதைச் சொன்னது
பதினாறு வயது.

படிவத்தில் காரணம்: காய்ச்சல்.
தகவல் தந்தவர்:
பேனா கொஞ்சம் நிற்கிறது.
தந்தை, என்று எழுதுகிறாள்.
பதினெட்டாவது எண்ணை அழுத்துகிறாள்.