அமர்த்துதல்

ஆங்கிலத்தில் ஒரே பத்தி.
தக்கலை ஆபீசுக்கு ஏழு வருஷம் நடந்ததற்கு
ஏழு வரி.
ஐந்தாவது வரியின் நடுவில் ஞா. விஜிலா,
காலஞ்சென்ற ஞானசிகாமணி, லஸ்கர், அவர்களின் மகள்.
பெயரை ஒட்டி அந்தச் சொல்:
அப்பாயின்டட்.

குலசேகரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.
போனில் அகராதியைத் திறந்தேன்.
நியமி. ஏற்படுத்து. நாள் குறி.
பல் பிடுங்க நேரம் வாங்குவதும்
பதவியில் ஏற்றுவதும்
ஒரே சொல்லாம்.
அப்படிப் பார்த்தால் அப்பாவுக்கு
விடியற்காலை நாலு மணிக்கு
பட்டணங்கால் தண்ணீரோடு
தினமும் அப்பாயின்ட்மென்ட் இருந்தது.
அந்த ஐப்பசியில் தண்ணீர்தான் முந்தி வந்துவிட்டது.

கொஞ்சம் கீழே தள்ளினால் டிஸ்அப்பாயின்ட்.
முதலில் அதற்குப் பொருள்
வேலையிலிருந்து இறக்கிவிடுவதாம்,
ஏமாற்றம் என்பது பிறகு வந்ததாம்.
இங்கே இரண்டும் ஒரே பஸ்ஸில் வரும்.

தம்பி ஜெபின், நூறு ரூபாய்ப் பத்திரத்தில்
'ஆட்சேபணை இல்லை' என்று எழுதித் தந்தவன்,
அன்று ராத்திரி சாப்பிடவில்லை.
மறுமாதம் குவைத்.
பத்திரத்தின் நகலில் இப்போதும்
'இல்லை' மட்டும் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது.

அம்மைக்குத் தமிழில் சொன்னேன்:
"கருணை அடிப்படையில் பணியமர்த்தப்படுகிறார்."
"ஆருக்க கருணை?" என்றாள்.
வரியில் அது இல்லை.
செய்தவர் பெயரே இல்லாமல்
செய்து முடிக்கிற வாக்கியம்.
அடியில் பச்சை மையில் ஒரு கிறுக்கல்.
"சரி, லைட்ட அமத்திட்டுக் கெட மக்கா."

இருட்டில்தான் உறைத்தது.
உட்கார வைப்பதும் அமர்த்துவது.
விளக்கை அணைப்பதும் அமர்த்துவது.
அழுகிற பிள்ளையை அடக்குவதற்கும்
வேறு சொல் தேடவில்லை நாம்.
ஏழு வருஷம் மனு மனுவாக அழுத வாயை
ஒரு நாற்காலியைக் காட்டி அமர்த்தியிருக்கிறார்கள்.
சம்பளத்தோடு.
சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது.
இரண்டு தடவை எழுந்து
ஆர்டர் அலமாரியில் இருக்கிறதா என்று பார்த்தேன்.

திங்கட்கிழமை.
எனக்குக் கிடைத்தது கால்வாய்க் கரை இல்லை, பதிவறை.
ஃபேன் உண்டு. அது ஓடினால் காகிதம் பறக்கும்,
ஆகவே ஓடாது.
அப்பாவின் இடம் அப்படியே கிடக்கிறது.
லஸ்கருக்கு ஆள் எடுப்பதை
நிறுத்தி நாளாயிற்றாம்.

முதல் தபால் கடைமடையிலிருந்து.
'வாழை காயுது. ஷட்டர் திறக்க ஆளில்லை.
இது மூணாவது மனு.'
பதில் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருந்தது.
தேதியை மட்டும் மாற்றச் சொன்னார் தாணுலிங்கம் சார்.
'பணியாளர் விரைவில் நியமிக்கப்படுவார்.'
"யார் சார்?"
"அது ஒரு யூசேஜ், பிள்ளே."

தேதியை மாற்றினேன்.
கையெழுத்து வாங்கி, ஒட்டி, அனுப்பினேன்.
என் முதல் நாள் வேலை
குறையில்லாமல் முடிந்தது.

சாயந்திரம் ஒர்க்‌ஷாப்பில் நின்று
ஒரு குப்பி கரி ஆயில் கேட்டு வாங்கினேன்.
வீட்டில் கட்டிலுக்கு அடியில்
ஷட்டர் திருகும் கைப்பிடி கிடந்தது.
அரசாங்கச் சொத்து.
ஏழு வருஷமாக அதை
யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

கரையில் கொக்கு ஒன்று தள்ளி நின்றது.
துருவில் எண்ணெய் இறங்கும் வரை
நானும் நின்றேன்.
என்னை அங்கே
யாரும் அமர்த்தவில்லை.

கால் சுற்று நகர்ந்தது.