அரை மாத்திரை

குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு,
மெய்க்கு அரை.
பி.ஏ. தமிழில் எனக்கு மறக்காத ஒரே பாடம்.
இப்போது தோளில் துணிப்பை,
பைக்குள் பிரஷர் மெஷின், சர்க்கரை பார்க்கும் ஊசி,
மூன்று வீட்டுக்கு ஒருமுறை அணைந்துபோகும் டேப்,
அப்புறம் மாத்திரை.
கன்னிகாபுரத்தில் என்னை மாத்திரக்கா என்பார்கள்.
பேர் கேட்டவர் இல்லை.

சி பிளாக், எட்டாம் மாடி.
லிஃப்ட் கதவில் யாரோ துணி காயப்போட்டிருக்கிறார்கள்.
ஐந்தாவதில் ஒருமுறை உட்கார்ந்துகொள்வேன்.
அங்கிருந்து பார்த்தால் பேசின் பிரிட்ஜில்
ரயில்கள் சிக்னலுக்குக் காத்துக் கிடப்பது தெரியும்.
சென்ட்ரல் வந்துவிட்டதென்று
பெட்டியும் கையுமாய் எழுந்தவர்கள்
கதவோரம் நின்றுகொண்டே இருப்பார்கள்.

சவரிமுத்து, ஐம்பத்திநாலு.
சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைக்கிறவர்.
சர்க்கரை இருநூற்று எண்பது.
டேப் கேட்டது:
மருந்து தவறாமல் எடுக்கிறாரா?
ஆம். இல்லை.
"ஆமுன்னு போடும்மா" என்றார்.
மூன்று மாதமாய் அப்படித்தான் போட்டுவந்தேன்.

அன்று தண்ணீர் கேட்டேன்.
சொம்பெடுக்க ஏகவள்ளி அலமாரியைத் திறந்தபோது
பாக்குவெட்டி,
அதன் வாயில் வெள்ளைப் பொடி.
அந்த வீட்டில் யாரும் வெற்றிலை போடுவதில்லை.

மெய்க்கு அரை மாத்திரை.
வகுப்பில் சொன்னது இந்த மெய்யை இல்லை.

போன ஆடியில் ஸ்டாக் இல்லையென்று
ஆறு வாரம் வெறும் பையோடு வந்தேனாம்.
"இருக்கறத நீட்டிக்கணும்ல?
நீ எப்ப வருவ, எப்ப வரமாட்ட, யாரு கண்டா?"
கோபமில்லை அவளுக்கு,
தக்காளி விலை சொல்வதுபோல் சொன்னாள்.

அளபெடை என்று ஒன்று உண்டு.
ஓசை குறைந்த இடத்தில் எழுத்தை நீட்டி நிரப்புவது.
ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன்.
நீட்டுவதற்காக நறுக்குவதற்கு
பாடத்தில் விதி இல்லை.

டேப்பில் அரைக்குக் கட்டம் இல்லை.
இல்லாததால்
ரிப்பன் மாளிகைச் சுவரில் எங்கள் வார்டு
பச்சை நிறத்தில் இருந்தது.
நோட்டின் ஓரத்தில் பென்சிலால் ½ போட்டேன்.
மறுபடி கீழிருந்து ஏறினேன்,
கேள்வியை மாற்றிக்கொண்டு.
எடுக்கிறீங்களா என்று கேட்கவில்லை,
எதால உடைக்கிறீங்க என்று கேட்டேன்.
பல்லால். பிளேடால். குழவிக்கல்லால்.
ரஜியா பீ மட்டும் உடைப்பதில்லை.
ஒருநாள் அவள், ஒருநாள் அவள் புருஷன்.
அவளுக்குச் சர்க்கரை, அவருக்கு பிரஷர்.
"ரெண்டும் வெள்ளைதானேம்மா."

ஒரே பிளாக்கில் பத்தொன்பது அரைகள்.

வெளியே வரிசை வராந்தா தாண்டி நிற்க
நோட்டை வாங்கிய டாக்டர் இவாஞ்சலின்
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு சவரிமுத்துவின் அட்டையைத் திருப்பிக் காட்டினார்.
சர்க்கரை இறங்கவில்லையென்று
போன வாரம்தான் ஒன்றை இரண்டாக்கி எழுதியிருந்தார்.
இவர் இரண்டாக்குவார்,
பாக்குவெட்டி நான்காக்கும்.
"நல்லாத்தான் கணக்குப் போட்டிருக்கோம்" என்றார்.
கிடங்குக்கு ஃபோன் போட்டார்.
மூன்றாம் தடவை எடுத்தார்கள்.

ஒரு மாதத்துக்குத்தான் கொடுக்கலாம் என்பது விதி.
பத்தொன்பது பேருக்கும் இரண்டு மாதத்துக்கு
அவரே கையெழுத்துப் போட்டார்.
ஆடிட்டில் கேட்டால் பார்த்துக்கலாம்.

மூன்றாவது கட்டம் கேட்டு மேலே எழுதியிருக்கிறோம்.
அடுத்த அப்டேட்டில் வருமாம்.
என் ஊக்கத்தொகையும் அப்படித்தான்,
மாசியிலிருந்து.

சவரிமுத்துவுக்கு இப்போது நூற்று எழுபது.
பட்டையில் மிச்சத்தை எண்ணினேன்,
எல்லாம் முழுசு.
படியிறங்கும் முன் கேட்டேன்,
அந்தப் பாக்குவெட்டி எங்கே?
"உள்ளதான் இருக்கு" என்றாள் ஏகவள்ளி.
"ஆடி வருதுல்ல."